எரிந்த மோட்டாரும் படிப்பை விட்ட பிள்ளைகளும்

கிணற்று மோட்டார் எரிந்துபோயிற்றென்று ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தால், அதை இறக்கி, மூடியைக் கழற்றி, உள்ளிருக்கும் காயிலை ஒரு முறை பார்த்த மாத்திரத்திலேயே, எரிந்த காரணத்தை அநேகமாகச் சொல்லிவிடலாம். ஸ்டார் இணைப்பில் கட்டிய மோட்டாரில் மூன்று பேஸில் ஒன்று அறுந்துபோய், மீதி இரண்டிலேயே அது முனகிக்கொண்டு ஓடியிருக்குமானால், இரண்டு பேஸுக்குரிய காயில்கள் கரியாகக் கருகியிருக்க, மூன்றாவது பேஸின் காயில்கள் மட்டும் வார்னிஷ் மினுமினுப்புக்கூடக் குலையாமல் இருக்கும். டெல்டா இணைப்பாயின் இதற்கு நேர்மாறாக, ஒன்று கருகி இரண்டு பிழைத்திருக்கும். எல்லாக் காயில்களும் ஒரே சீராகக் கறுத்திருந்தால், குறைந்த வோல்டேஜில் நெடுநேரம் ஓடியதென்றோ, பம்பு இறுகிப்போய்ச் சுமை மிஞ்சிவிட்டதென்றோ கொள்ள வேண்டும். எங்கோ ஓரிடத்தில் மாத்திரம் வெந்து, செம்பு உருகிச் சிறு மணியாகத் திரண்டிருந்தால் அது இன்சுலேஷன் பழுது. பெரும்பாலும் கட்டியவனுடைய கைப்பழுது.

படிப்பு ஏறவில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு இந்த வித்தையைக் கற்றுக்கொடுப்பதே என் ஆயுளின் பெரும்பகுதிக்கு ஜீவனோபாயமாக இருந்தது. அவிநாசிக்கும் அன்னூருக்கும் நடுவே, ஒரு தொண்டு ஸ்தாபனம் நடத்திவந்த ஓட்டுக் கொட்டகையில், மோட்டார் காயில் கட்டும் பயிற்சிக்கு நான் ஆசிரியனாக இருந்தேன். அதற்கு முன்பு கோயம்புத்தூரில் ஒரு வைண்டிங் கடையில் எடுபிடியாகச் சேர்ந்து, வெட்டியெடுத்த பழைய செம்பை நிறுத்து மூட்டை கட்டுவதில் தொடங்கி, தொழிலைக் கையால் கற்றவன். ஆகையால் என்னிடம் சாஸ்திர ஞானம் குறைவு; கடைக்காரனுடைய அவசரம் அதிகம். இனி நான் சொல்லப்போகும் அபிப்பிராயங்களிலும் அந்த அவசரத்தின் வாடை வீசக்கூடும்.

இந்தத் தொழில் எங்கள் பக்கத்தில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. பைக்காரா மின்சாரம் 1932-ஆம் ஆண்டில் உற்பத்தியாகத் தொடங்கி, மலையிறங்கிக் கோயம்புத்தூர்ச் சீமைக்கு வந்த பிறகு, பஞ்சாலைகள் பெருகியதை எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அதே மின்சாரம் கிணற்று மேட்டுக்கு வந்து, மாடுகளைக் கட்டிக் கவலை இறைத்த காலத்தை மெல்ல மெல்ல முடித்துவைத்ததும் சரித்திரந்தான். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து, இந்தியாவிலேயே முதலாவதென்று சொல்லப்படும் மின் மோட்டாரைக் கோவையில் செய்தது 1937-இல். அதன் பின்னர் வார்ப்படச் சாலைகளும் பம்பு கம்பெனிகளும் தெருவுக்குத் தெரு முளைத்தன. மோட்டார் செய்கிற ஊரில் மோட்டார் பழுது பார்க்கிறவனும் வேண்டுமல்லவா?

பழுதுக்கோ பஞ்சமே இல்லை. மின்சாரக் கட்டணத்தைச் சிறு விவசாயிகளுக்கு 1984-இலும், எல்லா விவசாயிகளுக்கும் 1990 வாக்கிலும் அரசாங்கம் தள்ளுபடி செய்தது. கட்டணம் போயிற்று, ஆனால் மின்சாரம் வரும் நேரம் குடியானவன் கையில் இல்லாமலாயிற்று. நடுநிசியில் மூன்று பேஸும் வந்தால், தூக்கத்திலிருந்து எழுந்துபோய் ஸ்டார்ட்டரை அழுத்த யாரால் முடியும்? ஆட்டோ ஸ்விட்ச் என்ற சாதனத்தை வாங்கி மாட்டினார்கள். அதுவும் தானாகவே மோட்டாரைக் கிளப்பியது. ஆனால் ஃபியூஸ் கட்டையில் ஒன்று போய்விட்டால் தானாக நிறுத்தத் தெரியாமல், விடியும்வரை இரண்டு பேஸில் ஓடவிட்டு, காயிலைச் சாம்பலாக்கியது. இதைத் தடுக்கப் பிரிவென்டர் என்ற கருவி உண்டு. அது அடிக்கடி நிறுத்துகிறதே என்று அதன் வயரைக் கழற்றிவிட்டுக் குறுக்கே ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிடுவதும் உண்டு. லைனின் கடைக்கோடியிலிருக்கும் தோட்டங்களில் வோல்டேஜ் இறங்கும்போது, மோட்டார் அந்தக் குறையைக் கூடுதல் கரண்ட் இழுத்துச் சரிக்கட்டப் பார்க்கும். அதுவும் காயிலுக்கு ஆகாது. கோடையில் எங்கள் கொட்டகை வாசலில் மோட்டார்கள் வரிசையாகக் கிடந்ததற்கு இவையெல்லாம் காரணம்.

இனி, பிள்ளைகள். 1950-இல் மத்திய அரசாங்கம் கைத்தொழிலாளர் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கி, அதன்கீழ் ஐ.டி.ஐ.க்கள் ஏற்பட்டன என்பதும், அவை இந்தத் தேசத்தின் தொழிற்சாலைகளுக்கு ஆள் தயாரித்துக் கொடுத்தன என்பதும் மறுக்க முடியாத உண்மை. ஆனால் எலெக்ட்ரீஷியன் பிரிவில் சேர வேண்டுமானால் பத்தாவது தேற வேண்டும். வயர்மேனுக்குக்கூட எட்டாவதாவது முடித்திருக்க வேண்டும். ஆறாவதிலும் ஏழாவதிலும் பையைத் தூக்கிப் பரணில் போட்டுவிட்டு ஆடு மேய்க்கப் போனவனுக்கும், விசைத்தறியில் நூல் போடப் போனவனுக்கும், திருப்பூர்ப் பனியன் கம்பெனியில் கைமடிக்கப் போனவனுக்கும் அந்த வாசல் அடைத்தே கிடந்தது. அவர்களை உத்தேசித்துத்தான் 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் தேதி ட்ரைசெம் என்ற திட்டம் பிறந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில், 18 வயதுக்கும் 35 வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் ஆறு மாதத்துக்கு மேற்போகாத பயிற்சி; பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை; முடிந்ததும் ஒரு கருவிப் பெட்டி; அதன்பின் சுயதொழிலுக்கு வங்கிக் கடன் என்பது அதன் ஏற்பாடு. எண்ணம் நல்ல எண்ணம்.

அந்தத் திட்டத்தில் எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் உதவித்தொகைக்காகவே வந்தார்கள் என்று அப்போது அதிகாரிகள் குறைப்பட்டுக்கொள்வார்கள். எனக்கு அது ஒரு குறையாகவே தோன்றியதில்லை. தினக்கூலியை விட்டுவிட்டு ஒருவன் மாதக்கணக்கில் கொட்டகையில் உட்கார வேண்டுமானால், அவன் வீட்டு அடுப்புக்கு யார் பதில் சொல்வது? பணத்துக்காக வந்தவனே வேலையின் ருசி கண்டு தங்கிவிட்டதையும், தொழில்மீது ஆசைப்பட்டு வந்ததாகச் சொன்னவன் இரண்டாம் வாரமே காணாமற் போனதையும் நான் பார்த்திருக்கிறேன். வருகிற காரணத்தை வைத்து ஆளை எடைபோடுவது வியர்த்தம்.

இவர்களுக்கு உற்சாகமூட்டவென்று வரும் பேச்சாளர்கள் தவறாமல் ஜி.டி. நாயுடுவின் கதையைச் சொல்வார்கள். கலங்கலில் 1893-இல் பிறந்து, பள்ளிப் படிப்பை ஆரம்பத்திலேயே உதறி, கோவையில் ஹோட்டல் வேலை பார்த்துக் காசு சேர்த்து மோட்டார் சைக்கிள் வாங்கி, அதைக் கழற்றிப் பார்த்துக் கற்று, பிற்காலத்தில் பஸ் கம்பெனியும் தொழிற்சாலைகளும் கண்ட மனிதர். உண்மைதான், எங்கள் சீமை அவரைப் பற்றிப் பெருமைப்படுவதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒரு முறை பேச்சாளர் போனபின், பின்வரிசையில் இருந்த பையன் ஒருவன், "அவருக்கு அப்பாரு பூமி இருந்துச்சுங்களா சார்?" என்று கேட்டுவிட்டான். அதற்குப் பிறகு அந்தக் கதையை நான் எடுப்பதில்லை. அதைக் காட்டிலும், 1945-இல் ஆர்தர் ஹோப் பெயரால் பாலிடெக்னிக்கும் பொறியியல் கல்லூரியும் ஏற்படக் காரணமாயிருந்த அதே நாயுடு, நான்கு வருஷப் பொறியியல் படிப்பு காலவிரயம், இரண்டு வருஷத்தில் கற்பிக்கலாம் என்று வாதாடினாரே, அந்த வாதத்தை நம்மவர்கள் கவனித்திருந்தால் பிரயோஜனமாயிருக்கும்.

கணக்கு வராது என்பதுதான் எங்களிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொண்ட முதல் வாசகம். பள்ளியை விட்டதற்குக் கணக்கும் இங்கிலீஷுமே காரணமென்று சொல்லாதவர் அரிது. மோட்டார் கட்டுவதோ முழுக்க முழுக்கக் கணக்கு. காயில் பதிகிற இரும்புக் கூடான ஸ்டேட்டரில் 36 காடிகள்; நான்கு போல்; மூன்று பேஸ். ஒரு போலுக்கு ஒன்பது காடி. அதில் ஒரு பேஸுக்கு மூன்று. முதல் பேஸ் 1-ஆம் காடியில் தொடங்கினால், இரண்டாவது 7-இலும் மூன்றாவது 13-இலும் தொடங்கியாக வேண்டும். இதைப் பலகையில் எழுதிச் சொன்னால் கண்கள் ஜன்னலுக்குப் போய்விடும். ஆகையால் நான் சாக்பீஸைத் தொடுவதில்லை. காயில் உருவிய வெறும் ஸ்டேட்டரை நிமிர்த்தி வைத்து, சிவப்பு, மஞ்சள், நீல நூல்களைக் கொடுத்து, மூன்று நிறமும் ஒன்றையொன்று மிதிக்காமல், எந்தக் காடியும் காலியாகவோ இரட்டையாகவோ ஆகாமல் சுற்றி முடிக்கச் சொல்வேன். எப்படியென்று சொல்லமாட்டேன்.

அன்னூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன், ஏழாம் வகுப்போடு நின்றவன், அந்த ஸ்டேட்டரின் முன்னால் ஒரு காலைப்பொழுது முழுவதும் குந்தியிருந்தான். நூலை வைப்பான், எடுப்பான். இடக்கைப் பெருவிரலைக் காடியில் ஊன்றி, மற்ற விரல்களால் தாவித் தாவி எண்ணுவான். மற்றவர்கள் சாப்பிடப் போன சமயத்தில் என்னிடம் வந்து, "சார், ஆறு காடிக்கு ஒருக்கா அடுத்த நிறம் வந்துருது பாருங்க. ஒன்னு, ஏழு, பதிமூணு. பொறவு மறுபடியும் சிவப்புதான் வருது" என்றான். 360-ஐ மூன்றால் வகுத்தால் 120 என்று ஒரு தரம்கூட அவனுக்கு நான் சொன்னதில்லை. அதற்குப் பிறகு 24 காடி ஸ்டேட்டரைக் கொடுத்தபோது, தொடுவதற்கு முன்னாலேயே நான்கு காடிக்கு ஒரு முறை என்று சொல்லிவிட்டான். பெருக்கல் வாய்பாடு ஏன் வேண்டுமென்று அவனுக்கு ஏழு வருஷப் பள்ளிப்படிப்பில் ஒருவரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் அவனுடைய மந்தபுத்தியின் ரகசியம்.

வேறு சில விஷயங்கள் இவ்வளவு சுலபமாகப் பிடிபடுவதில்லை. கம்பியின் கேஜ் நம்பர் கூடக் கூடக் கம்பி மெலியும் என்பது புதிதாக வருகிறவர்களைத் தடுமாறச் செய்யும்; 18-ஐக் காட்டிலும் 20 மெல்லியது என்பதைக் கைவிரலில் உருட்டி உணர்ந்தால்தான் மனம் ஒப்பும். எரித்தெடுக்கும் வேலையோ அதிலும் சூட்சுமமானது. வார்னிஷ் ஏறி இறுகிய பழைய காயிலை ஒரு பக்கம் உளியால் வெட்டிவிட்டு, மண்ணெண்ணெய் தெளித்துத் தீ வைத்து இளக்கி, மறுபக்கத்திலிருந்து குறடால் உருவுவார்கள். தீ அதிகமானால் வேலை சுருக்காக முடியும். பையன்களுக்குத் தீ என்றால் உற்சாகம் வேறு. ஆனால் ஸ்டேட்டர் என்பது ஒற்றை இரும்பல்ல. மெல்லிய தகடுகளை அடுக்கி இறுக்கிய ஸ்டாம்பிங். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு இருந்து மின்சாரத்தைத் தடுக்கிறது. அந்தப் பூச்சு வெந்துபோனால், எவ்வளவு அழகாகக் காயில் கட்டினாலும், சுமை ஏற்றாமலே மோட்டார் கூடுதல் கரண்ட் இழுக்கும், சூடேறும், அடுத்த கோடையில் மீண்டும் எரியும். கட்டியவனுக்கு ஏனென்று விளங்காது. கண்ணில் படாத பழுதை இளைஞனுக்கு நம்பவைப்பதுதான் எந்தத் தொழிலாசிரியனுக்கும் கடினமான காரியம். எப்போதோ தீயில் வெந்த ஒரு ஸ்டேட்டரையும் நல்லதொன்றையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மாதிரி காயில் கட்டி, சுமையில்லாமல் ஓடவிட்டு, இரண்டின்மேலும் உள்ளங்கையை வைக்கச் சொல்வேன். ஒன்றின்மேல் கை தங்கும்; மற்றதன்மேல் தங்காது.

எழுத உட்கார்ந்ததன் பிரதான விஷயத்துக்கு வருகிறேன். ஆரம்பத்தில் எங்கள் கொட்டகையில், பயிற்சிக்கென்று ஒதுக்கிய பழைய மோட்டார்கள் சில இருந்தன. ஒரு அணி வந்து அவற்றில் காயில் கட்டும். தேர்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்திட்டுப் போவார். பிறகு அதே காயிலை உருவிவிட்டு அடுத்த அணி கட்டும். செம்பு வீணாகாது, கணக்கும் சரியாயிருக்கும். பையன்களும் கட்டினார்கள், கைத்திறமையில் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படிப் பயின்று போனவர்கள் ஊரில் போய்ப் பலகை மாட்டி உட்கார்ந்தால், முதல் மோட்டார் வந்த அன்றே கை நடுங்கிற்று. காரணத்தைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. அந்த மோட்டார்களுக்காக யாரும் காத்திருக்கவில்லை. நாளைக்கு முடித்தாலும் ஒன்றுதான், அடுத்த வாரம் முடித்தாலும் ஒன்றுதான். முடித்தது ஓடினாலும் உருவப்படும், ஓடாவிட்டாலும் உருவப்படும். எதிர்பார்த்து நிற்கிற ஆள் இல்லாத வேலையில் கை பழகலாமே தவிர, தொழில் படிகிறதில்லை.

ஆகவே, பையன்கள் கொஞ்சம் தேறியதும், அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எரிந்த மோட்டார்களைக் கொட்டகைக்கு வரவழைத்தேன். கம்பிக்கும் வார்னிஷுக்கும் மட்டும் காசு, கூலி இல்லை, மோட்டார் கெட்டால் நான் பொறுப்பு என்பது பேச்சு. உடனே கொட்டகையின் சுபாவமே மாறிப்போயிற்று. மோட்டாரைக் கொண்டுவந்த குடியானவர் திண்ணையில் துண்டை விரித்து உட்கார்ந்துவிடுவார். "ஏனுங்க வாத்தியாரே, கத்திரி நாத்து நட்டு எட்டு நாளாச்சுங்க. மறு தண்ணி பாயலீங்க. சாயங்காலத்துக்குள்ள ஆகுமுங்களா?" என்பார். நான் பதில் சொல்லமாட்டேன். கட்டுகிற பையனைக் கைகாட்டிவிடுவேன். அவனுக்கு வியர்த்துப்போகும். ஆகுமென்று சொல்லவும் பயம், ஆகாதென்று சொல்லவும் பயம். வார்னிஷ் காயாமல் ஓட்டினால் என்னவாகும், நாளைக் காலைவரை ஏன் பொறுக்க வேண்டும் என்பதை ஒரு பெரிய மனிதருக்கு மரியாதை குறையாமல் எடுத்துச் சொல்வதற்கு எந்தப் பாடத்திட்டத்தில் இடமிருக்கிறது? அதை அவன் அந்தத் திண்ணையில் கற்றான். இன்சுலேஷனைச் சோதிக்கும் மெக்கரைச் சுற்றி அதன் முள் மேலே போகிறதா என்று பார்க்கிற சிரத்தையும், மூன்று பேஸிலும் டங் டெஸ்டரை மாட்டிக் கரண்ட் சமமாயிருக்கிறதா என்று பார்க்கிற கவலையும் அப்போதுதான் அவனுக்குச் சொந்தமாயின. 5 குதிரைச் சக்தி மோட்டாரில் ஏறக்குறைய ஏழரை ஆம்பியர் என்பது அதுவரை நோட்டுப்புத்தகத்தில் எழுதிய எண். இப்போது கத்திரி நாற்றின் ஆயுள்.

இந்த ஏற்பாட்டுக்கு ஆட்சேபம் வராமலில்லை. பயிற்சிக்கூடத்தில் வெளியார் வேலை நடக்கிறதென்று ஓர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. விதிப்படி அவர்கள் சொன்னது சரியென்றே வைத்துக்கொள்வோம். நான் செய்ததெல்லாம், ஒவ்வொரு மோட்டாருக்கும் உரிமையாளரிடம் சம்மதக் கடிதம் வாங்கி, உருவிய பழைய செம்பை அவர் எதிரிலேயே நிறுத்து, எடையை எழுதிக் கையெழுத்து வாங்கியதுதான். அந்தப் பேரேட்டைப் புரட்டிப் பார்த்த அதிகாரி ஒன்றும் சொல்லாமல் போனார்.

பழைய செம்பு என்பது இந்தத் தொழிலின் மர்மஸ்தானம். உருவிய கம்பி யாருக்குச் சொந்தம் என்பதில் கடைக்குக் கடை வழக்கம் மாறும். சில இடங்களில் கடைக்காரன் எடுத்துக்கொண்டு கூலியில் கழிப்பான். சில இடங்களில் திருப்பிக் கொடுப்பான். சுற்றுக் குறைத்துக் கட்டுவதும், கேஜைக் குறைப்பதும், செம்புக்குப் பதில் அலுமினியக் கம்பியைச் சுற்றுவதும் அந்த எடையிலிருந்துதான் தொடங்குகின்றன. கட்டி முடித்து வார்னிஷ் ஊற்றிவிட்டால் வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. யோக்கியதையைப் பற்றிப் பிரசங்கம் செய்து பயனில்லை. தராசைத் திண்ணையில் வைத்து, பழையது இவ்வளவு, புதியது இவ்வளவு என்று தோட்டக்காரர் முன்னிலையில் நிறுக்கிற பழக்கத்தை உண்டாக்கிவிட்டால், பிறகு அவன் கடைவைத்தாலும் தராசு திண்ணைக்கே வரும். வந்ததைக் கண்டிருக்கிறேன், வராததையும் கண்டிருக்கிறேன்.

காலனியிலிருந்து வந்து பயின்ற ஒரு பையன் கட்டிய மோட்டாரை மாட்டுவதற்கு அவனையே கூட்டிப்போகும்படி தோட்டக்காரர் ஒருவரிடம் சொன்னேன். அவர் சற்றுத் தயங்கி, "வேற பையன் யாரும் இல்லீங்களா?" என்றார். "கட்டுனவன்தானுங்க வந்து மாட்டோணும்" என்றேன். வாழை காய்ந்துகொண்டிருந்தது, அதற்குமேல் அவர் பேசவில்லை. பையன் போனான், மோட்டார் ரூமில் மாட்டினான், தண்ணீர் வந்தது. கூலியை அவன் கையில் கொடுக்காமல் திட்டின்மேல் வைத்தார். அடுத்த கோடையில் மோட்டார் மறுபடியும் போனபோது அவனையே கூப்பிட்டனுப்பினார். அப்போதும் கூலியைத் திட்டின்மேலேதான் வைத்தார். தொழில் அவனுக்கு மோட்டார் ரூம்வரை வழிவிட்டது. அந்த வீட்டுத் திண்ணைக்கு அது வழிவிடவில்லை. இதை மறைத்துவிட்டுத் தொழிற்பயிற்சியின் பெருமையைப் பேசுவதில் எனக்குச் சம்மதமில்லை.

தொழிற்கல்வி என்றதும் நம் நாட்டில் சிலர் முகம் சுளிப்பதற்கும் நியாயம் உண்டு. 1953-இல் ராஜாஜி கொண்டுவந்த அரைநாள் பள்ளித் திட்டம், மீதி நேரத்தில் பிள்ளைகள் தகப்பன் தொழிலைக் கற்கலாம் என்று சொன்னதால் குலக்கல்வி என்று பெயர் வாங்கி, பலத்த எதிர்ப்புக்குப் பிறகு, காமராஜர் முதல்வரான 1954-இல் கைவிடப்பட்டது. படிக்க வேண்டிய பிள்ளையைத் தொழிலுக்குத் தள்ளுவதும், படிப்பு கைவிட்ட பிள்ளைக்குத் தொழில் கொடுப்பதும் ஒன்றல்ல என்றாலும், இரண்டுக்கும் நடுவிலுள்ள வரப்பு மிகவும் குறுகலானது. அந்த விதத்தில் மோட்டார் தொழிலில் ஓர் அனுகூலம் இருந்தது. அது எவனுடைய தாத்தாவும் செய்யாத தொழில். பிறப்பினால் யாருக்கும் அதில் பாத்தியதை கிடையாது. ஆகையால் எல்லோரும் ஒரே நாளில், ஒரே அறியாமையோடு தொடங்கினார்கள்.

பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிராமத்துப் பெண் என்றால் தையல் மிஷின் என்பது திட்டம் போடுகிறவர்களுக்கு வேதவாக்காகிவிட்டது. ஒரே ஊரில் எத்தனை பேர் தைத்து எத்தனை ரவிக்கை விற்க முடியும் என்று யாரும் கேட்பதில்லை. கோவைப் பம்பு கம்பெனிகளில் வைண்டிங் பகுதியில் பெண்கள் வேலை செய்வது புதுமையே அல்ல. குறுகலான காடிக்குள் கம்பி கீறாமல் அடுக்குவதற்கு வேண்டியது பலமல்ல, பொறுமை. போர்வெல்லில் இறக்கும் சப்மெர்சிபிள் மோட்டாரிலோ, பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியை ஊசி கோப்பதுபோல் காடிக்குள் நுழைத்து, எதிர்ப்பக்கம் ஒருவர் வாங்கி, திருப்பி நுழைக்க வேண்டும். உறையில் நகக்கீறல் பட்டாலும் தண்ணீருக்குள் அது எர்த் ஆகிவிடும். எங்களிடம் வந்த சில பெண்கள் அதைப் பையன்களைவிடச் சுத்தமாகச் செய்தார்கள். ஆனால் ஊரில் கடை வைக்க வீட்டார் விடவில்லை. கம்பெனிக்குப் பஸ் ஏறிப் போவதற்கு மட்டும் விட்டார்கள். சம்பளம் வந்தது. சுயதொழில் என்று கோப்பில் எழுத முடியாமற் போனதால் அந்தப் பெண்கள் எங்கள் வெற்றிக் கணக்கில் சேரவில்லை.

ட்ரைசெம் 1999-இல் சுவர்ண ஜயந்தி கிராம சுயவேலைத் திட்டத்தில் கரைந்துபோயிற்று. அதுவும் 2011-இல் ஊரக வாழ்வாதார இயக்கமாக உருமாறியது. 2014-இல் தீன்தயாள் உபாத்தியாயர் பெயரில் கிராமப்புற இளைஞர் பயிற்சித் திட்டம், 2015-இல் பிரதமர் பெயரில் கௌசல் விகாஸ் திட்டம் என்று பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. சுயதொழில் என்பது போய், பட்டணத்தில் மாதச் சம்பள வேலை வாங்கிக்கொடுப்பது லட்சியமாயிற்று. கைரேகை வைத்து வருகைப்பதிவு செய்யும் யந்திரம் வந்தது. ஆள் வந்தானா என்பதை அது சந்தேகத்துக்கிடமின்றிச் சொல்லும்.

இவற்றுக்கு நடுவே எனக்கு மனத்துக்குப் பிடித்த ஒரு முறை உண்டு. கர்நாடகத்தில் உஜிரே என்ற ஊரில், தர்மஸ்தல ஸ்தாபனமும் சிண்டிகேட், கனரா வங்கிகளும் சேர்ந்து 1982-இல் தொடங்கிய பயிற்சி நிலையம், குறுகிய காலமே பயிற்சி கொடுத்துவிட்டு, அதற்குப் பின் நெடுநாள் ஆளை விடாமல் பின்தொடர்ந்தது. கடை வைத்தானா, கடன் கிடைத்ததா, எங்கே இடறினான் என்று விசாரித்து வருவதே அதன் முக்கிய காரியம். அந்த மாதிரியை வைத்துத்தான் பிற்பாடு மாவட்டந்தோறும் வங்கிகள் கிராமப்புறச் சுயதொழில் பயிற்சி நிலையங்களை நடத்துகின்றன. பயிற்சிக்குப் பிறகு இரண்டு வருஷம் கைதூக்கிவிட வேண்டுமென்பது அவற்றின் விதி. கடை வைத்த பையனுக்கு அந்த முதல் இரண்டு வருஷம்தான் கண்டம். கம்பியைக் கடனுக்கு வாங்கியிருப்பான், தோட்டக்காரர் அறுவடைக்குப் பின் தருகிறேன் என்பார், உறவுக்காரர் தருவதேயில்லை, மழைக்காலத்தில் மோட்டாரே வராது. கை நன்றாக வந்தவர்கள் கடையை மூடிவிட்டு மில்லுக்குப் போனதெல்லாம் அந்த மழைக்காலங்களில்தான். வேலையில் தோற்று மூடியவர்கள் சொற்பம்.

நூல் சுற்றிக் கணக்குக் கண்டுபிடித்தானே, அந்த அன்னூர்ப் பையன் அந்தக் கண்டத்தைத் தாண்டியவன். கோடையில் காயில், மழைக்காலத்தில் வீடுகளுக்கு வயரிங் என்று வருஷத்தை இரண்டாகப் பிரித்துக்கொண்டான். அதற்காக மின்கம்பியாள் உதவியாளர் தேர்வும் எழுதித் தேறினான். இப்போது காதோரம் நரைத்துவிட்டது. சில வருஷங்களுக்கு முன் அவனிடம் போயிருந்தபோது ஒரு புது விசாரத்தில் இருந்தான். 2019-இல் வந்த குசும் திட்டத்தில் சூரியசக்தி பம்புகள் அந்தப் பக்கத்துத் தோட்டங்களுக்கும் வரத் தொடங்கிவிட்டன. "மோட்டாரு நம்ம கைக்கு அடங்குமுங்க சார். அந்தக் கன்ட்ரோலர் பொட்டிதான் புரியமாட்டேங்குது. அதைத் தொறந்தா வாரண்டி போயிருமாமா. அஞ்சு வருசத்துக்குக் கம்பெனிக்காரந்தான் வரோணுமாமா. அவன் வர்றதுக்குள்ள பயிரு போயிருதுன்னு எல்லாரும் இங்கதானுங்க வர்றாங்க" என்றான்.

எலெக்ட்ரானிக் பலகை பழுது பார்க்கும் பயிற்சியொன்றில் சேர்ந்துவிடலாமே என்றேன். விசாரித்தாயிற்றாம், எல்லாத் திட்டங்களுக்கும் அவன் வயது கடந்துவிட்டது. ஆகையால் கடையில் எடுபிடியாக இருக்கும் பையனை, அவனும் பத்தாவது தவறியவன், அனுப்பிவைத்திருக்கிறான். பகலில் கற்றதை இரவில் கடைக்கு வந்து முதலாளிக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும், அதற்குத் தனியே சம்பளம் உண்டு என்பது அவர்களுக்குள் ஒப்பந்தம். போன முறை நான் போனபோது பெஞ்சின்மேல் ஒரு கன்ட்ரோலர் திறந்து கிடந்தது. அதன் வாரண்டி முடிந்துவிட்டதா என்று நான் கேட்கவில்லை.